பாஸ்வேர்டு யாரிடம், செக் புக் யாரிடம்? டிஜிட்டல் உரிமை அமைப்புக்குள் சமூக நீதி

கேள்வி: வேலூரில் ஒன்பது பேர் சேர்ந்து டிஜிட்டல் உரிமைகளுக்காக ஒரு சங்கம் நடத்துகிறோம். தனியுரிமை, ஆதார், முக அடையாளக் கேமரா, கட்டற்ற மென்பொருள் ஆகியவைதான் எங்கள் வேலை. மேடையில் சமூக நீதி பேசுகிறோம். ஆனால் எங்களில் ஏழு பேர் இன்ஜினியர்கள், ஒருவர் வக்கீல், பெண் ஒருவர்தான். பீடி சுற்றும் பெண்களோ, டேனரித் தொழிலாளர்களோ, மலைக் கிராமத்தாரோ எங்கள் கூட்டத்துக்கு வருவதே இல்லை. இதை எங்கிருந்து சரிசெய்வது?

பதில்:

கூட்டத்துக்கு யார் வரவில்லை என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில், சங்கத்தின் சாவிகள் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். அதை மாற்றாமல் ஆள் சேர்த்தால், வந்தவர்கள் நாலு மாதம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு முழு வெள்ளைத்தாள் எடுத்து இடப்பக்கம் வேலைகளை எழுதுங்கள். இணையதளத்தின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, மெயில் அட்மின் யார், சோஷியல் மீடியா கணக்குகளின் பாஸ்வேர்டு யாரிடம், செக்கில் கையெழுத்து யாருடையது, கூட்டத்தில் என்ன பேசுவது என்று முடிவு செய்வது யார், டிவிக்காரர் கூப்பிட்டால் பேசுவது யார். அதற்குக் கீழே மினிட்ஸ் எழுதுவது, போன் போட்டு எல்லோருக்கும் நினைவூட்டுவது, டீ வாங்கி வருவது, ஹாலைப் பெருக்கிப் பூட்டுவது. வலப்பக்கம், கடந்த ஆறு மாதத்தில் அந்தந்த வேலையைச் செய்தவர் பெயர். சிறு அமைப்புகளில் மேல்பாதி முழுக்க ஒன்றிரண்டு பெயர்களே திரும்பத் திரும்ப வரும். கீழ்பாதியில் அந்த ஒரே பெண்ணின் பெயரும், கடைசியாகச் சேர்ந்த பையனின் பெயரும் இருக்கும். இந்தத் தாளைப் பொதுவில் வைத்துப் பேசுவதுதான் முதல் வேலை. "நாங்கள் சாதி பார்ப்பதில்லை" என்று சொல்பவர்களுக்கும் இந்தத் தாளில் இருப்பது தெரியத்தான் செய்யும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உறுப்பினர்களின் சாதி, மதம் எல்லாவற்றையும் கூகுள் ஃபார்மில் கேட்டு எண்ணிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒன்பது பேர் உள்ள இடத்தில் பெயரில்லாத சர்வே என்று ஒன்று கிடையாது. "பெண், பட்டியல் சாதி, வயது 24" என்று ஒரு வரி வந்தால் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஃபார்மில் மெயில் முகவரி சேகரிப்பை அணைக்க மறந்திருந்தால் சொல்லவே வேண்டாம். அடுத்தவர் விவரத்தைக் காப்பாற்றச் சொல்லும் சங்கம் தன் உறுப்பினர் விவரத்திலேயே கோட்டை விடக் கூடாது. முப்பது பேருக்கு மேல் சேர்ந்த பிறகு காகிதச் சீட்டில், ஒரு சீட்டில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். "சொல்ல விருப்பமில்லை" என்ற கட்டமும் இருக்கட்டும். எண்ணுவதற்கு வெளியாள் ஒருவரை வையுங்கள். ஐந்துக்குக் கீழே வரும் எந்த எண்ணையும் தனியாக வெளியிடாதீர்கள். எண்ணி முடித்ததும் சீட்டுகளை எரித்துவிடுங்கள். அதுவரை சாவித் தாளே போதும்.

அடுத்தது, எதை உரிமைப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்கிறீர்கள் என்பது. உங்கள் பட்டியலில் இருக்கும் நான்கும் தேவையானவைதான். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கருவிகளை 2018-இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளர்கள் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் 0.8 சதவீதம் வரை இருந்த தவறு, கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. கேமரா பிரச்சினையே நிறத்திலும் பாலினத்திலும் போய்த்தான் முட்டுகிறது. ஆனால் இந்த மாவட்டத்தில் ஆட்கள் தினமும் இடித்துக்கொள்ளும் சுவர்கள் வேறு. ரேஷன் கடையில் ரேகை விழாத கை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் கட்டாயமான வருகைச் செயலி. நாளுக்கு இரண்டு முறை படம் ஏற்ற வேண்டும், மலையில் சிக்னல் இல்லையென்றால் வேலை செய்தும் வருகை விழாமல் போகலாம். ஓடிபி புருஷன் போனுக்கோ ஏஜென்ட் போனுக்கோ போகும் வங்கிக் கணக்கு. லோன் ஆப்காரன் போன் புத்தகத்தில் உள்ள எல்லோருக்கும் அனுப்பும் மார்ஃபிங் படம். ஹாஸ்டலில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் போன் தடை. இந்தக் கடைசி விஷயம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2019-இல் ஃபஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. அது ஒரு மாணவி தன் ஹாஸ்டல் விதியை எதிர்த்துப் போட்ட வழக்கு.

ஆகவே முதல் மூன்று மாதம் பிரச்சாரம் எதுவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டு பேராக, இ-சேவை மையத்துக்கு வெளியிலும் ரேஷன் கடை வரிசையிலும் பீடி ஏஜென்ட் வீட்டு வாசலிலும் நின்று கேளுங்கள். குடியாத்தம் பக்கம் ஒரு நாள், பேரணாம்பட்டு ஒரு நாள், ஒடுகத்தூர் தாண்டி பீஞ்சமந்தை மலைக்கு ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் போங்கள். கேட்டதை எழுத ஒரு நோட்டு போதும், ஆனால் அந்த நோட்டைக் கவனமாக அமைக்க வேண்டும். வரிசை எண், தேதி, ஊர் (தெரு வேண்டாம்), பிரச்சினை இரண்டு வரியில், அவர் என்ன கேட்கிறார், திரும்பப் பேச எந்த போன், அந்த போன் யாருடையது, எத்தனை மணிக்குக் கூப்பிடலாம், இந்த விவரத்தை எந்தத் தேதியில் அழிப்போம். அவ்வளவுதான். ஆதார் எண் எழுதக் கூடாது, ஜெராக்ஸ் வாங்கக் கூடாது. மனு போட எண் தேவைப்பட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அவரே டவுன்லோட் செய்ய உதவுங்கள். "அந்த போன் யாருடையது" என்ற கட்டம் அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் கணவனின் போனில் நீங்கள் கூப்பிட்டு "அம்மா, அந்த லோன் விஷயம்" என்று ஆரம்பித்தால், அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் நடப்பதற்கு நீங்கள்தான் காரணம்.

கேட்டவர்களுக்கு உடனே தரக்கூடியதும் கையில் இருக்கட்டும். ஆதார் இல்லை, ரேகை விழவில்லை என்பதற்காக ரேஷன் மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24 தேதியிட்ட சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அதன் நகலைத் தமிழ்க் குறிப்போடு கையில் வைத்திருங்கள். கேட்டுக்கொண்டே போய், ஒன்றும் தராமல், கடைசியில் இங்கிலீஷில் ஒரு அறிக்கை போடும் அமைப்பை மக்கள் ஒருமுறைதான் நம்புவார்கள். எந்த அறிக்கை போட்டாலும் 30 நாளுக்குள் அதே இடத்துக்குப் போய்த் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை எடுத்துவிடுங்கள்.

இனி கூட்டம். ஞாயிறு காலை என்றால் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வர முடியாது. வெள்ளி மதியம் ஜும்மா. வார நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஜூம் என்றால் பெண்கள் அடுப்பங்கரையில் இருப்பார்கள், போன் பிள்ளைகளிடம் இருக்கும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்திய அளவில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். ஆன்லைன் கூட்டம் எல்லோருக்கும் சமம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஞாயிறு மதியம் 3 முதல் 5 வரை ஓரளவு ஒத்துவரும். ஐந்துக்கு முடிப்பது என்றால் ஐந்துக்கு முடிக்க வேண்டும், ஏனென்றால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் சண்டை போட்டு எழுந்துபோக மாட்டார், அடுத்த மாதம் வராமல் இருந்துவிடுவார். முக்கிய முடிவுகளை முதல் ஒரு மணி நேரத்திலேயே எடுத்துவிடுங்கள். கூட்டம் முடிந்த பிறகு டீக்கடையில் நாலு பேர் நின்று முடிவை மாற்றும் பழக்கம் இருந்தால், மேலே சொன்ன எதுவும் பயன் தராது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். தன்னார்வம் என்ற சொல், சம்பளம் வரும் வீட்டுக்காரருக்கு ஒரு அர்த்தம் தரும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு வேறு அர்த்தம். அவர் அரை நாள் உங்கள் கூட்டத்துக்கு வந்தால் அந்த அரை நாள் பீடி சுற்றப்படாது, அவ்வளவு கூலி போச்சு. எனவே இழந்த கூலியைக் கொடுங்கள். பத்துப் பேர் வரும் கூட்டத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு: கூலி இழப்பு ஆளுக்கு 350 ரூபாய், மொத்தம் 3,500. பஸ் 600. சாப்பாடு ஆளுக்கு 100, மொத்தம் 1,000. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு 500. உருது மொழிபெயர்ப்பவருக்கு 800. ஆக 6,400. பெண்களுக்கு பஸ் இலவசம்தானே என்று கணக்கை வெட்டாதீர்கள். அது சாதாரண நகரப் பேருந்துக்குத்தான், வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். பணத்தை அன்றைக்கே கவரில் போட்டுக் கையில் கொடுங்கள், வவுச்சரில் கையெழுத்தோ ரேகையோ வாங்கினால் போதும். "ஜிபே நம்பர் அனுப்புங்க, அடுத்த வாரம் போடுறோம்" என்றால் அந்தப் பணம் பாதிப் பேருக்கு வீட்டிலுள்ள வேறு யாருடைய கணக்குக்கோதான் போகும். மாதம் ஒரு கூட்டம் என்றால் வருடத்துக்கு 76,800 ரூபாய். நன்கொடை கேட்கும்போதே "பங்கேற்புச் செலவு" என்று தனித் தலைப்பில் எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டு நிதி வாங்கினால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. எனவே இந்தச் செலவை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆள் எடுக்கும்போது விளம்பரத்தில் சம்பளத்தைப் போடுங்கள். "சரளமான ஆங்கிலம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டியிருந்தால் அதற்கு ஓர் எடிட்டரைத் தனியாகக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம், ரேஷன் வரிசையில் நின்று பேசத் தெரிந்தவரை அப்படி வைக்க முடியாது. நேர்காணலில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. எல்லோரும் சாதாரணமாகக் கேட்பது: "சொந்த ஊர் எது? அங்க எந்தப் பக்கம்?" ஊரா காலனியா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த இரண்டாவது கேள்வி. கேட்பவர் அப்படி நினைக்காவிட்டாலும் கேட்கப்படுபவருக்கு அப்படித்தான் கேட்கும். அப்பா என்ன வேலை என்பதும் அதே வகைதான். அதற்குப் பதில் எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுத்துப் பாருங்கள்: ஒரு ரேஷன் புகாரைக் கேட்டுப் பத்து வரியில் எழுதச் சொல்லுங்கள், அல்லது சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எடுப்பது என்றால் இரண்டு பேராக எடுங்கள். ஒருவரை மட்டும் எடுத்தால் அவர் தன் சமூகம் முழுவதற்கும் பதில் சொல்லும் ஆளாகிவிடுவார், போஸ்டர் படத்திலும் அவர்தான் நிற்பார்.

மொழி விஷயத்தில் ஒரு சின்ன உதாரணம். "உங்கள் டேட்டா பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று தெருவில் கேட்டுப் பாருங்கள். "ஒன்றரை ஜிபி சாயங்காலமே தீர்ந்துபோயிடுது சார்" என்பார்கள். இங்கே டேட்டா என்றால் ரீசார்ஜ். தரவு என்றால் பலருக்குப் புரியாது. "உங்க விவரம் யார் கைக்குப் போகுது?" என்றால் உடனே பேச்சு வரும். எனவே துண்டறிக்கையை இங்கிலீஷில் எழுதி மொழிபெயர்க்காதீர்கள். முதலில் பேசுவதுபோல் தமிழில் எழுதி, பயன்படுத்தப்போகிற ஐந்து பேரிடம் வாசித்துக் காட்டிவிட்டு அச்சடியுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டில் உருதிலும் வேண்டும், எழுத்தைவிட ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் நன்றாகப் போய்ச் சேரும். 2023-இன் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது, தமிழும் உருதும் அதில் உண்டு. நீங்கள் பிறரிடம் கேட்கும் அந்த உரிமையை உங்கள் உறுப்பினர் படிவத்திலேயே முதலில் கொடுங்கள். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் அதில் வெறும் உளறலாக ஒலிக்கும், யூனிகோடில்தான் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் போஸ்டரைப் படமாக மட்டும் போட்டால் அவர்களுக்கு ஒன்றுமே போகாது, கீழே அதே செய்தியை எழுத்தாகவும் போடுங்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின் கீழ் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னதும், கண் பார்வை இழந்தவர்களும் ஆசிட் தாக்குதலுக்கு ஆளானவர்களும் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முடிக்க முடியாமல் தவித்த வழக்கில்தான். இரண்டாவது மாடியில் லிஃப்ட் இல்லாத அலுவலகமும் இதே கணக்கில் வரும்.

வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்த அடுத்த நிமிடமே ஒரு பெண்ணின் நம்பர் முன்பின் தெரியாத ஐம்பது பேருக்குத் தெரிந்துவிடும். ராத்திரி "ஹாய்" வர ஆரம்பித்தால் அவர் குரூப்பை விட்டுப் போவார், காரணம் சொல்ல மாட்டார். அறிவிப்புக்கு வாட்ஸ்அப் கம்யூனிட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதில் சக உறுப்பினருக்கு நம்பர் தெரியாது. பேசுவதற்கு சிக்னல் சரிவரும். 2024 முதல் அதில் நம்பருக்குப் பதில் பயனர்பெயரைக் கொடுக்கலாம்.

புகார் வழிமுறையை முதல் புகார் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, சம்பளம் இல்லாத தன்னார்வலர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம்: தலைமையில் மூத்த பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். நீங்கள் ஒன்பது பேர் என்பதால் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். அதன் தொடர்பு விவரத்தைக் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். சாதி சொல்லி ஏளனம் செய்வது, ஒதுக்குவது போன்றவற்றுக்கு இப்படி அமைப்புக்குள் ஒரு குழு வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் எல்லாப் புகாரும் போலீஸ் வரை போக வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர் விரும்ப மாட்டார். எனவே நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: யாரிடம் சொல்வது (ஒருவர் நிர்வாகியாக இல்லாதவர், ஒருவர் வெளியாள்), ஏழு நாளில் முதல் பதில், விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து அட்மின் உரிமையும் செக் கையெழுத்தும் எடுக்கப்படும். இந்தக் கடைசி வரியை விடவே கூடாது. புகார் வந்த அன்று ராத்திரி சாட்டுகள் அழிந்துபோவதும், புகார் தந்தவரின் மெயில் திடீரென்று திறக்காமல் போவதும் டிஜிட்டல் அமைப்புகளில்தான் மிக எளிது. அமைப்பைத் தொடங்கியவரின் நண்பரே விசாரிப்பது, புகாரை குரூப்பில் போட்டு விவாதிப்பது இரண்டும் நடந்தால் அடுத்த புகார் வரவே வராது.

ஆபத்தும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. டிவியில் பேசும் இன்ஜினியருக்குப் பெயர் கிடைக்கும். கிராமத்தில் அதே பிரச்சினைக்காக மனு போட்டவர் வீட்டுக்கு ஊர்க்காரர்கள் வருவார்கள், சில சமயம் போலீசும் வரும். ஒவ்வொரு பிரச்சாரத்துக்கும் முன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: யார் பெயர் மனுவில் வரும், வக்கீல் செலவு யாருடையது, ராத்திரி போன் வந்தால் யார் எடுப்பார். படங்களுக்கும் இதே விதி. கூட்டத்துக்கு வருபவர்களின் சட்டையிலோ புடவையிலோ ஒட்ட இரண்டு நிற ஸ்டிக்கர் வாங்கி வையுங்கள். பச்சை என்றால் படம் எடுக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. பச்சை ஒட்டியவரின் படத்தை வெளியிடும்போது மறுபடி கேட்க வேண்டும்.

சாவி கைமாறுவதற்கு வருகிறேன். பாஸ்வேர்டுகளை பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜரில் ஏற்றி, ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு பேரை அட்மினாக வையுங்கள். அதில் ஒருவர் புதிதாக வந்தவர்களில் இருக்க வேண்டும். கற்றுத்தர இரண்டு மணி நேர வகுப்பு நாலு போதும். முதல் இரண்டில் அவர் கையில் மவுஸ் இருக்கட்டும், பழைய அட்மின் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும். நிர்வாகக் குழுவில் இடம் ஒதுக்குவதைப் பேச்சாக விடாமல் துணைவிதியில் எழுதுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால் அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளரிடம் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். பிறகு வங்கி: தீர்மான நகல், துணைவிதி நகல், புதிதாகக் கையெழுத்திடப் போகிறவரின் அடையாள ஆவணம், மாதிரிக் கையெழுத்துப் படிவம். இருவர் சேர்ந்து கையெழுத்திடும் முறையைக் கேளுங்கள். இந்த வேலை ஒரே நாளில் முடியாது, கிளைக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். புதியவரைத் தனியாக அனுப்பாதீர்கள். அவர் லீவு போடும் நாளின் கூலியையும் அந்த 6,400 ரூபாய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.